ரிவி கேம் கைக்கு வரும் வழி

வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவியை இலங்கையில் பொதுவாக ரிவி கேம் என்பார்கள். அதன் முதுகில் இரண்டு வயர்கள் உண்டு. ஒன்று சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்குதைக்குப் போகிறது. மற்றது தொலைக்காட்சிக்குப் போகிறது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, சுற்றுப்பலகை, திரை, ஒலிபெருக்கி, பொத்தான்கள், பற்றரி எல்லாவற்றையும் இரு கைகளால் பிடிக்கும் ஒரே பெட்டிக்குள் அடக்கினால் வீட்டுக் கருவி கைக்கருவி ஆகிவிடும். கடையில் விற்கும் கைக்கருவி தொடக்கத்திலேயே கைக்கென்று வடிவமைக்கப்பட்டது. இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்வது, வீட்டுக்கென்று செய்த பலகையையே வெட்டித் திருத்திப் புதிய உடலுக்குள் குடியேற்றும் வேலையை.

வீட்டுக் கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளிடத்தில் பெரும்பகுதி வெறுமையாகவோ விளையாட்டுத் தட்டு இயக்கியாகவோ இருக்கும். ஆகவே அளவைக் குறைப்பது அவ்வளவு சிரமமில்லை. சிரமம் மூன்று கணக்குகளில் இருக்கிறது: சுமக்கக்கூடிய மின்சாரம் எவ்வளவு, அது வெப்பமாக மாறும்போது எங்கே போகும், ஒரு மணித்தியாலம் பிடித்திருந்தாலும் கை நோகாத உருவம் எது. மூன்றில் முதலாவது சரிவராவிட்டால் மற்ற இரண்டும் சரிவரா.

வன்னியில் நடந்த மின்கணக்கு

குறைந்த மின்சாரத்தில் ஒரு கருவியை ஓட்டும் கணக்கு வட இலங்கையின் வன்னிக்குப் புதிதல்ல. 1990 ஜூன் மாதம் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருளைப் போலவே பற்றரியும் தடைப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. 2002 தொடக்கத்தில் நீங்கிய அந்தத் தடையின் காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் வடபகுதியிலும் தேசிய மின்வலையமைப்பு இல்லை. பற்றரி எப்போதாவது கிடைத்தாலும் விலை எட்டாது. ஆனாலும் வானொலி ஓயவில்லை. பழைய பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். துளையிட்டு உப்புநீர் விட்டுப் பார்த்தார்கள். அதுவும் முடிந்தபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்தில் தைனமோவை அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றினார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் இருந்த பௌதிகம் கைக்கருவிக்கும் அப்படியே பொருந்தும். சைக்கிள் தைனமோவுக்குள் ஒரு நிலைக்காந்தம் கம்பிச்சுருளின் நடுவே சுழல்கிறது. அது தருவது ஆடலோட்டம். அதன் மேல் எழுதியிருக்கும் அளவு 6 வோல்ற்று, 3 வாற்று. வானொலிக்குத் தேவை நேரோட்டம். இடையில் நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்து, ஒரு மின்பகுப்புக் கொள்ளளவியைப் போட்டால் ஆடலோட்டம் ஒரே திசைக்குத் திரும்பி, மேடுபள்ளமும் பெருமளவு தணியும்.

இதில் ஒரு பொறி உண்டு. தைனமோ முன்விளக்குக் குமிழை எரிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஏறக்குறைய அரை அம்பியர் மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கும். வானொலி அதில் சிறு பங்கைத்தான் இழுக்கிறது. சுமை குறைந்தால் வோல்ற்றளவு மேலே போகும். வேகமாகச் சுற்றினால் 6 வோல்ற்றைப் பல மடங்கு தாண்டிவிடும், வானொலியின் திரான்சிற்றர்கள் கருகிவிடும். விளக்குக் குமிழையும் சமாந்தரமாக இணைத்துவிட்டால் மிச்ச மின்னோட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். சீரான வேகத்தில் சுற்றுவதும் ஒரு காப்புத்தான். வழங்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்பதே இதன் சாரம்.

கணக்கைப் பார்த்தால் வானொலி ஏன் தப்பிப் பிழைத்தது என்பது புரியும். சிறிய திரான்சிற்றர் வானொலி அளவான சத்தத்தில் ஒரு வாற்றில் பத்தில் சில பங்கோடு திருப்தி அடைந்துவிடும். 3 வாற்றுத் தைனமோவுக்கு அது சுமையே இல்லை. 2006 இல் வெளிவந்த நின்டெண்டோ வீ என்ற வீட்டுக் கருவி விளையாடும்போது ஏறக்குறைய 16 முதல் 18 வாற்று வரை இழுக்கிறது. அதைத் தைனமோவில் ஓட்ட ஆறு சைக்கிள்கள் வேண்டும், திரை இல்லாமலேயே.

நிறுவனங்கள் செய்த முயற்சிகள்

வீட்டுக் கருவியைக் கைக்குக் கொண்டுவர முதலில் முயன்றவை பெரிய நிறுவனங்களே. 1989 இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம் போய் இந்த வழியில் போகவில்லை. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் குன்பெய் யொக்கோய், விலை இறங்கிப் பழக்கப்பட்ட பாகங்களையே விரும்பித் தேர்ந்தவர். பின்னொளி இல்லாத, நிறமில்லாத திரை. நான்கு பென்ரோச் பற்றரிகள். பத்து மணித்தியாலத்துக்கும் மேல் விளையாட்டு. வீட்டுக் கருவியின் ஆற்றலைத் துறந்ததால் அது வென்றது.

மறுபக்கத்தில் 1990 இல் வந்த பிசி எஞ்சின் ஜிடி, வீட்டுக் கருவியான பிசி எஞ்சினின் விளையாட்டு அட்டைகளையே கையில் ஓட்டியது. 1995 இல் சேகா நிறுவனம் தன் ஜெனசிஸ் வீட்டுக் கருவியை நோமாட் என்ற கைக்கருவியாக்கி வட அமெரிக்காவில் விற்றது. இரண்டிலும் நிறத்திரையும் பின்னொளியும் இருந்தன. ஆறு பென்ரோச் பற்றரிகளும் மூன்று மணித்தியாலத்துக்குள் தீர்ந்தன. நோமாட் சந்தையில் நிற்கவில்லை. பிழை பொறியியலாளர்களிடம் இல்லை. அன்றைய பற்றரியிடம் இருந்தது.

நிலைமையை மாற்றியது லிதியம் அயன் கலம். சோனி நிறுவனம் அதை 1991 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையை அமைத்த ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யொஷினோ மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2017 இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் 16 வாற்று மணி பற்றரியோடு வீட்டுக் கருவியாகவும் கைக்கருவியாகவும் இயங்கியது. 2022 இல் வந்த ஸ்டீம் டெக் 40 வாற்று மணி சுமக்கிறது.

தனிமனிதர் செய்யும் கைவேலையாக இதை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான பென் ஹெக்கென்டோர்ன். 1977 இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியை 2000 ஆம் ஆண்டில் கைக்கருவியாக்கினார். 2005 இல் செய்முறைகளை நூலாகவும் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் வீட்டு மேசையில், பற்றாசுக்கோலும் மல்ரிமீற்றரும் வைத்துக்கொண்டு, நிறுவனங்கள் கைவிட்ட வேலையைத் தொடர்ந்தார்கள்.

எந்தக் கருவியை எடுப்பது

தொடக்கக்காரருக்கு மிகப் பொருத்தமானது 1983 இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம் கருவியின் மலிவு நகல். இலங்கைக் கடைகளில் ரிவி கேம் என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இவைதான். உள்ளே திறந்தால் உள்ளங்கை அளவுப் பலகை. அதன் நடுவே கறுப்புப் பசைத் துளி ஒன்று. அந்தத் துளிக்குக் கீழே ஃபமிகொம்மின் செயலியும் படச் செயலியும் ஒரே சிப்பாக ஒடுங்கியிருக்கின்றன. பலகை இயல்பாகவே சிறிது என்பதால் வெட்டத் தேவையில்லை. மின்சாரமும் குறைவு, வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. கெட்டுப்போனாலும் இழப்புப் பெரிதல்ல.

அடுத்த படி நின்டெண்டோ வீ. கைக்கருவி செய்பவர்கள் அதிகம் நாடும் வீட்டுக் கருவிகளில் ஒன்று இது. தட்டு இயக்கியை அகற்றிவிட்டு யுஎஸ்பி நினைவகத்திலிருந்து விளையாட்டை ஏற்றலாம். படத்தின் நுணுக்கம் 480 வரிகளே என்பதால் ஐந்து அங்குலத் திரையே போதும். அந்த அளவில் பார்க்கும்போது கண்ணுக்குப் புள்ளிகள் அவ்வளவாகத் தெரியா. பெரிய தொலைக்காட்சியில் மங்கலாகத் தோன்றும் அதே படம் கையில் கூர்மையாகத் தோன்றும். இதைவிடப் புதிய வீட்டுக் கருவிகளில் பல இதைவிடக் கூடுதல் மின்சாரம் தின்பவை. முதல் முயற்சிக்கு ஏற்றவையல்ல.

விளையாட்டை மட்டும் விரும்புகிறவர் 2012 முதல் கிடைக்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் பழைய கருவியைப் போலி செய்யும் மென்பொருளை ஓட்டலாம். வேலை சுலபம். மூலப் பலகையை வைத்துச் செய்பவர் அதன் மின்னியலையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்.

பலகையை வெட்டுதல்

வீ கருவியின் பலகையில் உயிர்நிலையானவை செயலி, படச் செயலி, நினைவகச் சிப் ஆகியவை. இவை ஒன்றுக்கொன்று அருகில் நெருங்கி நிற்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை இணைப்புத் துளைகளும் மின்சீராக்கிகளும் தட்டு இயக்கியின் சுற்றுகளும்தான். உயிர்நிலைப் பகுதியைச் சுற்றி வெட்டியெடுத்தால் உள்ளங்கையில் அடங்கும் துண்டு ஒன்று மிஞ்சும். கருவியின் இயக்கமென்பொருள் இருக்கும் சேமிப்புச் சிப்பைத் தவறவிடக் கூடாது. அதன் உள்ளடக்கம் அந்தக் கருவியின் தனிச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. வேறொன்றின் சிப்பை மாற்றிப் போட்டால் கருவி எழாது. வெட்டும் கோட்டுக்கு வெளியே அந்தச் சிப் இருந்தால் கழற்றி, மெல்லிய எனாமல் கம்பிகளால் உள்ளே கொண்டுவந்து இணைக்க வேண்டும்.

வெட்டு ஒரே மூச்சில் முடிக்கும் வேலையல்ல. பலகை பல அடுக்குச் செப்புத் தகடுகளை இடையே கண்ணாடியிழை வைத்து ஒட்டியது. வாள் போகும்போது செப்புத் துகள்கள் அடுக்குகளுக்கிடையே படிந்து ஒன்றையொன்று தொட்டுவிடும். ஆகவே கோட்டிலிருந்து சிறிது விலகி வெட்டி, மீதியை மணற்தாளால் தேய்க்க வேண்டும்: முதலில் சொரசொரப்பானது, பிறகு மிக நுண்ணியது, இடையிடையே அற்ககோலால் துடைத்தல். கண்ணாடியிழைத் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் கட்டாயம், தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு மின்தடத்துக்கும் தரைத்தடத்துக்கும் இடையிலான தடையை மல்ரிமீற்றரால் அளந்து எழுதிவைக்க வேண்டும். வெட்டித் தேய்த்தபின் மீண்டும் அளக்க வேண்டும். எண்கள் ஒத்திருந்தால் மின்சாரம் கொடுக்கலாம். ஒரு தடத்தில் எண் சடுதியாக இறங்கியிருந்தால் விளிம்பில் எங்கோ செப்புச் செப்பைத் தொடுகிறது. மீண்டும் தேய்க்க வேண்டும். இந்தச் சிறு வேலையைத் தவிர்த்தால் பலகை எரிந்துவிடக்கூடும்.

மின்சாரத்தின் வரவு செலவு

வெட்டிய பலகைக்கு 1.0, 1.15, 1.8, 3.3 வோல்ற்று என்ற நான்கு மட்டங்களில் மின்சாரம் வேண்டும். யுஎஸ்பிக்கு 5 வோல்ற்று தனி. பற்றரியிலிருந்து இவற்றை எப்படிப் பெறுவது என்பதில்தான் கைக்கருவியின் ஆயுள் தங்கியிருக்கிறது.

பழைய வழி நேர்கோட்டுச் சீராக்கி. மலிவு ரிவி கேமுக்குள் இருக்கும் 7805 என்ற மூன்று கால் சிப் இந்த இனம். மிகுதி வோல்ற்றளவை அது வெப்பமாக எரித்துவிடும். தொடரில் இணைத்த இரு லிதியம் கலங்கள் தருவது 7.2 வோல்ற்று. அதிலிருந்து 5 வோல்ற்றுப் பெற்றால் நூற்றுக்கு 69 பங்கு பயன், 3.3 வோல்ற்றுக்கு 46 பங்கு, 1.0 வோல்ற்றுக்கு வெறும் 14 பங்கு. 1.0 வோல்ற்றுத் தடம் 3 அம்பியர் இழுக்கிறது என்று கொண்டால் பலகைக்குப் போய்ச் சேர்வது 3 வாற்று, பற்றரியிலிருந்து போவது 21.6 வாற்று. மிச்சம் 18.6 வாற்றும் விரலைச் சுடும்.

இதற்கு மாற்று, ஆளி முறை மாற்றி. அதில் ஒரு திரான்சிற்றர் விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. மூடி மின்னோட்டம் பாயும் நேரத்தில் மின்சக்தி ஒரு தூண்டிச் சுருளில் சேமிக்கப்பட்டு, திறந்த நேரத்தில் வெளிவருகிறது. கொள்ளளவி அதைச் சமப்படுத்துகிறது. எரிப்பதற்கு எதுவும் இல்லாததால் நூற்றுக்கு 90 பங்கு அளவு பயன் கிடைக்கும். மேற்சொன்ன 3 வாற்றுக்கு இப்போது 3.3 வாற்று போதும். வீட்டு மலிவு நகலில்கூட 7805 சிப்பை எடுத்துவிட்டு ஆளி முறை மாற்றி ஒன்றைப் போட்டாலே பற்றரி நிற்கும் நேரம் கண்கூடாகக் கூடும்.

வோல்ற்றளவு தாழ்ந்த தடத்தில் வயரின் தடிப்பும் முக்கியம். 0.02 ஓம் தடையுள்ள வயரில் 3 அம்பியர் ஓடினால் 0.06 வோல்ற்று வயரிலேயே தொலையும். 5 வோல்ற்றில் அது பொருட்டல்ல, 1.0 வோல்ற்றில் அது நூற்றுக்கு 6 பங்கு. விளையாட்டு சும்மா ஓடிக்கொண்டிருக்கும், காட்சி கனத்ததும் கருவி உறைந்து நிற்கும். வயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் இந்தக் கோளாறு வராது.

தட்டு இயக்கியும் கம்பியில்லா இணைப்பும் போய், மாற்றிகளும் நல்லவையாகிவிட்டால் வீயின் பலகை 10 வாற்றுக்குக் கீழே இறங்கும். திரைக்கும் ஒலிக்கும் சேர்த்து 2.5 வாற்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12.5 வாற்று. மூன்று மணித்தியாலத்துக்கு 37.5 வாற்று மணி. மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் 42. இப்போது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள 18650 வகை லிதியம் கலம் ஒன்று 3.6 வோல்ற்று, 3.4 அம்பியர் மணி. அதாவது 12 வாற்று மணிக்குச் சற்று மேல். அவற்றில் நான்கு, ஏறக்குறைய 190 கிராம் எடையில் 49 வாற்று மணி தரும். சைக்கிளைச் சுற்றிய காலத்துச் சாதாரண நாகக் கரிப் பற்றரி பென்ரோச் அளவில் 1 வாற்று மணிக்கு அங்குமிங்குமாகத்தான் தரும். அதே விளையாட்டுக்கு அவை நாற்பதுக்கு மேல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாளில் கையில் நிற்கும் வாற்று மணியே விளையாட்டின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

லிதியம் கலம் பிழை பொறுக்காது. நிரம்பும்போது கலமொன்றுக்கு 4.2 வோல்ற்றைத் தாண்டக் கூடாது; 2.5 வோல்ற்றுக்குக் கீழே வடியக் கூடாது. பழைய மடிக்கணினிப் பற்றரியிலிருந்து எடுத்த கலம் அந்த அளவுக்குக் கீழே கிடந்திருந்தால் அதை உயிர்ப்பிக்க முயலாமல் ஒதுக்கிவிட வேண்டும். கலத்தின் உடலில் நேரடியாகப் பற்றாசு வைப்பது உள்ளிருக்கும் மெல்லிய பிரிதாளைக் கெடுக்கும். நிக்கல் பட்டையைப் புள்ளி ஒட்டு முறையில் இணைப்பதே சரி. காப்புச் சுற்று இல்லாத கலத்தைக் கைக்கருவிக்குள் வைக்கவே கூடாது.

வன்னி வெயிலில் வெப்பக் கணக்கு

கைக்கருவிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறும். 200 மில்லிமீற்றர் நீளம், 100 அகலம், 30 தடிப்புள்ள பெட்டியின் மேற்பரப்பு 0.058 சதுர மீற்றர். விசிறி இல்லாத மேற்பரப்பு, சதுர மீற்றர் ஒன்றில் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 10 வாற்றைக் காற்றுக்கும் சூழலுக்கும் விடும். அந்தப் பெட்டிக்கு அது பாகைக்கு 0.58 வாற்று.

நீண்ட நேரம் தொட்டிருக்கும் தோலுக்கு 43 பாகை செல்சியசு எல்லை. 22 பாகை அறையில் அமர்ந்து விளையாடுகிறவருக்கு 21 பாகை இடைவெளி கிடைக்கிறது. பெட்டி 12 வாற்று வரை விசிறி இல்லாமல் விடும். சித்திரை, வைகாசி மாதங்களில் வன்னியில் பகல் வெப்பநிலை 34 பாகைக்குச் சாதாரணமாக ஏறும். அப்போது இடைவெளி 9 பாகை; விடக்கூடியது 5 வாற்று மட்டுமே. பெட்டியின் ஒரு பகுதியை உள்ளங்கைகள் மூடிக்கொண்டால் அதுவும் குறையும். குளிர்நாட்டு வீட்டில் வெறும் பெட்டியாக நன்றாக ஓடும் அதே கருவி கிளிநொச்சியில் விசிறி கேட்கும். வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து அப்படியே செய்பவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

தீர்வுகள் இரண்டு. முதலாவது வெப்பம் பிறப்பதையே குறைப்பது. சிப் ஒன்றின் இயங்கு மின்வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 1.0 வோல்ற்றுத் தடத்தை 0.9 ஆக இறக்கினால் அந்தத் தடத்தின் செலவு நூற்றுக்கு 19 பங்கு குறையும். ஒவ்வொரு சிப்பும் தாங்கும் அளவு வேறு. சிறு சிறு படியாக இறக்கி, நீண்ட நேரம் விளையாடிப் பார்த்து, உறையும் புள்ளிக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது காற்றோட்டம். விநாடிக்கு ஒரு லீற்றர் காற்று 10 வாற்று வெப்பத்தை ஏந்திக்கொண்டு 8 பாகைதான் சூடாகும். சிறு விசிறியே இதற்குப் போதும். காற்று உள்ளே வரும் துளை பெட்டியின் முதுகிலும் வெளியேறும் துளை மேல் விளிம்பிலும் இருக்க வேண்டும். பிடிக்கும் கை எந்தத் துளையையும் மூடக் கூடாது. சூடான காற்று முகத்திலோ விரலிலோ அடிக்கக் கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் வன்னியின் காய்ந்த மண்ணிலிருந்து புழுதி கிளம்பும். உள்வரும் துளைக்கு நுண்வலை ஒன்றை வைத்து, கழற்றித் தட்டக்கூடியதாக அமைத்தால் விசிறியின் ஆயுள் நீளும்.

சார்ஜ் ஏறும்போதும் கவனம் வேண்டும். லிதியம் கலத்துக்கு 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். நண்பகலில் விளையாடிக்கொண்டே சார்ஜ் போட்டால் பெட்டியின் உள்வெப்பநிலை அந்த எல்லையைத் தொட்டுவிடும். கலங்களைப் படச் செயலியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவுக்கு நல்லது.

கைக்கு நோகாத உருவம்

ஸ்டீம் டெக் 669 கிராம்; கைப்பிடிகளோடு சுவிட்ச் 398 கிராம். எடை கூடிய ஸ்டீம் டெக்கைப் பலர் நோவின்றிப் பிடிக்கிறார்கள். காரணம் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. 500 கிராம் பெட்டியின் புவியீர்ப்பு மையம் விரல்கள் தாங்கும் கோட்டுக்கு 4 சென்ரிமீற்றர் முன்னே இருந்தால் மணிக்கட்டுகள் இடைவிடாமல் 0.2 நியூற்றன் மீற்றர் திருப்பத்தை எதிர்க்க வேண்டும். எண் சிறிது. ஆனால் அசையாமல் தாங்கும் தசைக்கு இரத்தம் ஒழுங்காகப் போகாது. சிறிது நேரத்தில் நோவு தொடங்கும். மையம் நேரே விரல்களின் மேல் விழுந்தால் திருப்பம் இல்லை, எடை மட்டுமே.

அதனால் கனமான பாகமாகிய பற்றரியே சமநிலையை வகுக்கும் கருவி. நான்கு 18650 கலங்களை இரண்டிரண்டாகப் பிரித்து இரு கைப்பிடிகளின் அருகில் வைத்தால் எடை உள்ளங்கைக்கு நேரே வரும். உருளை வடிவம் கைப்பிடியின் வளைவுக்கும் பொருந்தும். நடுப்பகுதி பலகைக்கும் விசிறிக்கும் விடுபடும். கைப்பிடியின் தடிப்பு 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை இருந்தால் விரல்கள் இறுக்காமலே பிடிக்கும். தட்டையான பெட்டியை விரல் நுனிகளால் இடுக்க வேண்டியிருப்பதே மலிவுக் கைக்கருவிகளின் பெருங்குறை.

பெருவிரல் அடிமூட்டைச் சுற்றி வில்லாகத்தான் அசையும். அதிகம் பயன்படும் குச்சியும் பொத்தான்களும் அந்த வில்லின் நடுவில் வரவேண்டும். எப்போதாவது அழுத்தும் பொத்தான்கள் அதன் ஓரத்துக்குப் போகலாம். சுட்டுவிரல் மேல் விளிம்பில் தானாக விழும் இடத்தில் தோள் பொத்தான்கள் அமைய வேண்டும். சிறுவருடைய கைக்கும் பெரியவருடைய கைக்கும் ஒரே அளவு சரிவராது. இவற்றைக் கணினித் திரையில் தீர்மானிப்பதைவிடக் களிமண்ணில் பிடித்துப் பார்ப்பது நல்லது. பெட்டியின் அளவில் களிமண்ணை உருட்டி, உள்ளே இறுதி எடைக்குச் சமமான இரும்புத் துண்டுகளைப் புதைத்து, கண்ணை மூடிக் கையில் எடுத்தால் விரல்கள் தங்கள் இடத்தைத் தாமே அழுத்திக் காட்டும். அந்தத் தடங்களை அளந்து வரைந்தால் பெட்டியின் வரைபடம் கிடைத்துவிடும்.

பெட்டியும் கோர்ப்பும்

உடலை முப்பரிமாண அச்சில் எடுப்பது இன்று வழக்கம். அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை அளவில் இளகத் தொடங்கும். வெயிலில் கதவடைத்து நிற்கும் வாகனத்துக்குள் அந்த வெப்பம் எட்டக்கூடியது, பெட்டி வளைந்துவிடும். பெற்ஜி 80 பாகையளவும் ஏபிஎஸ் 100 பாகைக்கு மேலும் தாங்கும். வன்னிக்கு இவையே தகும். கையில் படும் விளிம்புகள் எல்லாம் உருட்டப்பட வேண்டும். அச்சின் வரிகளை மணற்தாளால் தேய்த்தால் வியர்வைக் கையிலும் வழுக்காத, கீறாத மேற்பரப்புக் கிடைக்கும்.

கோர்க்கும்போது ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதித்த பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். முதலில் மாற்றிகளைப் பலகை இல்லாமல் இயக்கி வோல்ற்றளவைப் பார்க்க வேண்டும், பிறகு பலகையை வெளித்திரையோடு இயக்க வேண்டும், பிறகு உட்திரை, ஒலி, பொத்தான்கள், கடைசியாகப் பற்றரி. எல்லாவற்றையும் இணைத்துவிட்டு ஒரேயடியாக ஆளியைப் போட்டால், ஓடாதபோது பிழை எங்கே என்று தேடுவதற்கு வழி இருக்காது.

க.பொ.த. உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் மாணவருக்கும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவருக்கும் இது நல்ல பயிற்சி. மின்மாற்றம், வெப்பக் கடத்தல், நிலையியல் மூன்றும் ஒரே பெட்டிக்குள் சோதனைக்கு வருகின்றன. மலிவு ரிவி கேமில் தொடங்கி, அது ஓடியபின் வீக்குப் போவதே முறை.

தேர்வு எளியது. நண்பகலில், மர நிழலில் ஒரு மணித்தியாலம் விளையாடிய பின் பெட்டியின் முதுகு 43 பாகையைத் தாண்டக் கூடாது; மணிக்கட்டும் பெருவிரலும் நோகக் கூடாது; பற்றரி, தாளில் எழுதிய கணக்கின்படி மூன்றில் ஒரு பங்குக்கு அண்மையாகவே இறங்கியிருக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் கருவி முடிந்தது. ஒன்று தவறினாலும் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும்; ஆகவே பெட்டியை ஒருபோதும் பசையால் ஒட்டாமல் திருகாணியால் மூட வேண்டும்.